ஈரத்தில் வெட்டிய முடி

பயிற்சிப் பள்ளியின் முடிவெட்டும் வகுப்பில் மத்தியான வெயில் கண்ணாடியில் பட்டு எதிர்ச்சுவரில் நடுங்குகிறது. கத்தரியோடு நிற்கிறாள் அக்கா. அவள் முன்னால் நாற்காலியில் தங்கை. வேறு யாரும் தலையைக் கொடுக்க முன்வராததால் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தவள். அவளுடைய சுருட்டை முடியை ஈரமாக இருக்கும்போதே தாடை வரை அளந்து வெட்டியாயிற்று. இப்போது காயக் காய அது சுருள் சுருளாக மேலேறி, காதுக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேசையில், இன்றைக்குள் கொடுக்க வேண்டிய படிவம் கிடக்கிறது. பயிற்சி முடிந்ததும் வேறு கடையில் வேலையா, சொந்தக் கடையா என்று இரண்டு கட்டங்கள். ஒரு வாரமாக இரண்டாவது கட்டத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பேனாவை எடுத்து முதல் கட்டத்துக்குக் கொண்டுபோகிறாள். "எனக்கெதுக்குடி சொந்தக் கடை? உன் தலையவே காலிஃப்ளவர் ஆக்கிட்டேன்."

தங்கை கண்ணாடி முன் தலையை ஆட்டிப் பார்க்கிறாள். சுருள்கள் குதிக்கின்றன. "காலிஃப்ளவர் இல்லக்கா, செம்மறியாட்டுக்குட்டி" என்று சிரிக்கிறாள். தலையை மூடிக்கொள்ள அக்கா நீட்டும் துணியை வாங்கி, மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மாணவிகள் நிறைந்த வராந்தாவில் வெறுந்தலையோடு நடக்கிறாள். படியருகே திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறாள்: "நாலு மாசத்துல வளந்துடும். அப்ப உன் கடைக்குத்தான் வருவேன். காஞ்சப்புறம் வெட்டு, என்ன?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது கட்டத்தில் டிக் அடிக்கிறாள். அழுத்திய அழுத்தில் தாள் லேசாகக் கிழிகிறது.