கயிற்றுக்குள்

நெஞ்சில் குத்தியிருந்த சிவப்பு ரிப்பனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

‘சிறப்பு விருந்தினர்’ என்று அதில் பொன்னிறச் சீன எழுத்து. மேடையில் அவளுக்கென்று ஒரு பெயர்ப்பலகை. மூடி போட்ட கோப்பையில் வெந்நீர்.

படி இறங்கி மைதானத்துக்கு ஓடினாள்.

போட்டி தொடங்க நான்கு நிமிடம் இருந்தது.

நீளக்கயிறு தாண்டும் போட்டி. அணிக்கு ஒன்பது மாணவர், ஓர் ஆசிரியர். ஆசிரியர் இல்லாத அணி களத்தில் இறங்க முடியாது. ஏழாம் வகுப்பு மூன்றாம் பிரிவின் வகுப்பாசிரியை கு மெய் கெண்டைக்காலைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்திருந்தார். ஒத்திகையில் பிசகிவிட்டது.

பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒன்றரை மாதம் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டுப் பயிற்சி செய்தவர்கள்.

“நான் வர்றேன்” என்றாள், சீனத்தில்.

அணித்தலைவி ஷின்ரான் அவள் காலைப் பார்த்தாள்.

“லேஸை இறுக்கிக் கட்டுங்க டீச்சர்.”

சீனாவின் ஹுனான் மாகாணத்து மலைகளுக்கு நடுவே ஒரு சிறு நகரம். இங்கே ஆங்கிலம் கற்பிக்க அவள் வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவளை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அவள் சுருதி விலகிப் பாடினாள். கைதட்டினார்கள்.

நூடுல்ஸை மேசையெல்லாம் சிந்தினாள். குச்சி பிடிக்க எவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டீர்கள் என்றார்கள்.

ஒருநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நான்கு வகுப்பு எடுத்தாள். இருநூறு பேர் பார்த்தார்கள். இருநூறு பேரும் புன்னகைத்தார்கள்.

அன்று மாலை கண்ணாடி முன் நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விசில்.

இருவர் கயிறு சுற்றினார்கள். மற்ற எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே ஓடி, ஒரே ஒரு தாண்டு தாண்டி, வெளியேறி, வளைந்து மறுபக்கம் வந்து மறுபடி உள்ளே. நிற்கக் கூடாது. மூன்று நிமிடம். அதிகம் தாண்டும் நான்கு அணிகளுக்கு நாளை இறுதிப் போட்டி.

அவளுக்கு முன்னால் பெங் போ. பின்னால் ஷின்ரான்.

உள்ளே போனாள். தாண்டினாள். வெளியே வந்தாள்.

வந்துவிட்டாள்!

இதயம் காதில் அடித்தது. மறுபடி. மறுபடி.

நான்காவது சுற்றில்தான் கவனித்தாள். மற்றவர்களுக்குச் சீறிக்கொண்டு வரும் கயிறு, அவள் நுழையும்போது மட்டும் தளர்ந்தது. உயரே சற்று நின்றது. அவளுக்காகக் காத்திருந்து இறங்கியது. அவள் வெளியேறியதும் மறுபடி சீறியது.

கயிறு சுற்றிய இரண்டு பெண்களும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

பக்கத்துக் களத்தில் எண்ணிக்கை அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“மெதுவாக்காதீங்க!”

இன்னும் அகலமாகப் புன்னகைத்தார்கள். இன்னும் மெதுவாகச் சுற்றினார்கள்.

வளைந்து ஓடியபடியே கத்தினாள். “நானும் இந்த டீம்தானே! வேகமாச் சுத்துங்கடி!”

புன்னகை போயிற்று.

கயிறு வந்தது.

இப்படி ஒரு வேகத்தை அவள் உள்ளிருந்து பார்த்ததில்லை. தரையில் அறைந்த இடத்தில் புழுதி எழுந்தது. தாண்டினாள். எண்பத்தைந்து. தாண்டினாள். தொண்ணூற்று மூன்று. நடுவர் எண்ணுவது, வகுப்பு கத்துவது, பெங் போவின் ஷூ புழுதியில் தேய்வது எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை.

நூற்று நாற்பத்தொன்றில் கயிறு அவள் கணுக்காலில் விழுந்தது.

எல்லாம் நின்றது.

‘வெரி குட், டீச்சர்’ என்று யாராவது சொல்வார்கள். அவள் காத்திருந்தாள்.

“என்ன பண்றே!” ஷின்ரானின் குரல் கீச்சிட்டது. “யோசிச்சுக்கிட்டு நிக்காதே! அவன் முதுகைப் பார்த்து ஓடு!”

இரண்டு சின்ன உள்ளங்கைகள் முதுகில் பதிந்து அவளைத் தள்ளின.

ஓடினாள்.

கடைசி விசில் ஊதுவதற்குள் கயிறு இன்னொரு முறை சிக்கியது. இருநூற்றுப் பதினான்கு. நான்காவது இடம். ஐந்தாவது அணிக்கு இருநூற்றுப் பதின்மூன்று.

தேறிய மற்ற மூன்று அணிகளும் மகிழ்ச்சியில் குதித்தன. மூன்றாம் பிரிவு சண்டை போட்டது.

“நாளைக்கு இப்படி ஆடினா நாமதான் கடைசி.”

“ரெண்டு தடவையும் யாரு மாட்டினது?”

“இவங்கதான்” என்றான் பெங் போ. அவளை நோக்கி விரலை நீட்டினான். “ரெண்டு தடவையும் இவங்கதான்.”

“பெங் போ!” புல்லிலிருந்து கு மெய் அதட்டினார். “வெளிநாட்டு டீச்சர்கிட்ட இப்படியா பேசுறது? நமக்காக வந்து ஆடியிருக்காங்க.”

விரல் இறங்கியது. ஒன்பது வாய்கள் அடங்கின.

ஒவ்வொரு முகமாக அந்தப் புன்னகை திரும்பி வரத் தொடங்கியது. ஷின்ரான்கூட உதட்டைச் சரிசெய்துகொண்டாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. கணுக்கால் எரிந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“முதல் தடவை நான். ஒத்துக்கறேன்” என்றாள். “ரெண்டாவது உன் காலுடா.”

பெங் போ கு மெய்யைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“என் காலே இல்ல!”

“உன் காலேதான்! நான் பின்னாடிதானே வந்தேன்!”

“பொய்!”

“யாருடா பொய் சொல்றது?”

மேடையில் ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் இன்னும் சத்தமாகக் கத்த வேண்டியிருந்தது.