கரியாலூரில் பூச்சி இல்லை

“ஒண்ணுகூட இல்லையேம்மா!”

மரவள்ளிக் கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார் பேராசிரியர் தீனதயாளன். தேவதர்ஷினியின் முகம் சுண்டிப்போனது.

கடல் தாண்டி வந்து கிழங்குக் காட்டையே காய வைக்கும் மாவுப்பூச்சி, அடுத்து எந்த ஊருக்கு, எந்த மாதம் பரவும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி.

போன சித்திரையில் மலைமேல் இருக்கும் இந்தக் கரியாலூருக்கே வந்து கூட்டம் போட்டாள். மேப்பை விரித்து, “நடறதுக்குக் கீழேருந்து வர்ற விதைக்குச்சியில ஒட்டிக்கிட்டு, தைக்குள்ள பூச்சி மலையேறிடும்” என்றாள்.

பாதிப் பேச்சிலேயே முன்வரிசையில் இருந்த வீரமுத்து எழுந்து போனார். அவர் பின்னாலேயே நாலு பேர். அந்த அவமானம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது மாசி. அதே வீரமுத்துவின் காட்டில்தான் நிற்கிறார்கள். கொழுந்தெல்லாம் பளபளவென்று பச்சை.

“அடிவாரத்துல பதினோரு ஊர்லயும் நீ சொன்ன மாசமே வந்துச்சு. இது ஒண்ணுதான் உதைக்குது” என்றார் பேராசிரியர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பேசாம கரியாலூரைப் பட்டியல்லேருந்தே எடுத்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

ஒரு நிமிஷம் மனசு ஆடத்தான் செய்தது. கூலி வேலைக்குப் போய் அவளைப் படிக்கவைத்த அம்மா, ‘எம் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கப்போறா’ என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

“வேணாம் சார். கரியாலூர்ல என் கணிப்பு தப்புன்னே எழுதிடறேன்.”

வரப்பில் நின்றிருந்த வீரமுத்து கிட்டே வந்தார்.

“இன்னாம்மா தப்பு?”

“தைக்குள்ள பூச்சி வரும்னு சொன்னேன். வரலீங்களே.”

“எப்பிடிம்மா வரும்? நீ பேசிக்கினு இருக்கசொல்ல, மேப்புல கோடு போட்டுக் காட்டுன ரோட்டுலதான் எங்க குச்சி லோடு வந்துக்கினு இருந்துச்சு. குந்திக்கினு இருக்க முடியுமா? அதான் எழுந்து ஓடுனோம்.”

“லோடை?”

“அடிவாரத்துலயே மறிச்சு, இறக்கிக் கொளுத்திட்டோம். அப்புறம் வெளிக்குச்சி ஒண்ணுகூட உள்ள வரல. ஊர்ல இருந்த குச்சியை ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சு நட்டோம். மிச்சக் காட்டுல சாமை வெதைச்சோம். கிழங்கு கம்மிதான். ஆனா ஒரு கொழுந்துகூட சுருளல, பாத்தியா?”

தேவதர்ஷினி கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டாள். பேராசிரியர் கையிலிருந்த ஊர்ப் பட்டியலைச் சத்தமில்லாமல் மடித்தார்.

வீரமுத்து அவர் பக்கம் திரும்பினார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“நல்லா எழுதிக்கோங்க சார். இந்தப் பொண்ணு சொன்னது தப்பாப் போவல. நாங்க ஊரே சேந்து தப்பாக்கிட்டோம்!”