ரம்லிக்குப் பட்டினி

“ஏ ஜமீலா! வெளிய வந்து ஒம் பூனையோட வயித்தைப் பாரு!”

பக்கத்து வீட்டுச் சுந்தரவல்லி வாசலில் நின்று போட்ட சத்தத்தில் ராயப்பேட்டையின் அந்தச் சந்தே எட்டிப் பார்த்தது. அவள் காலடியில் பூனை ரம்லி. அதுவும் தன் பங்குக்குக் கத்திக்கொண்டிருந்தது.

ஜமீலுன்னிசா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

“இன்னாக்கா?”

“அக்கா என்ன அக்கா? காலையிலேருந்து இதுக்கு என்ன வச்சே?”

ஜமீலுன்னிசா குனிந்து பூனையைப் பார்த்தாள்.

“ஒண்ணும் வைக்கலேல்லா? எனக்குத் தெரியும். தினமும் எங்க அடுக்களை வாசல்ல வந்து நின்னு கத்துது. சோத்தை வச்சா மூச்சு விடாமத் திங்குது. குவைத்துலேருந்து கொண்டாந்து பட்டினி போடவா வளக்கே? நெஞ்சுல ஈரம் வேண்டாமா?”

எதிர் வீட்டுத் தாயம்மாவும் சேர்ந்துகொண்டாள். “அதானே! எங்க ஊட்டு ஓட்டுல திரியற திருட்டுப் பூனைகூட இத்தவிட கொழுகொழுன்னு கீது.”

“தப்புதான்க்கா” என்றாள் ஜமீலுன்னிசா.

“தப்புன்னு சொன்னா அதுக்கு வயிறு நெறஞ்சிருமா?” என்று கேட்டுவிட்டுச் சுந்தரவல்லி விடுவிடுவென்று போய்விட்டாள்.

ரம்லி அரபு நாட்டுப் பாலைவனப் பூனை. ஜமீலுன்னிசாவின் புருஷன் மெஹபூப் பாஷா குவைத்தில் டிரைவர். போன லீவில் டேப் ரெக்கார்டர் கொண்டு வருவார் என்று தெருவே காத்திருக்க, மனுஷன் கூடையில் ஒரு பூனைக்குட்டியோடு வந்து இறங்கினார். நீளக் கால், பெரிய காது, மணல் நிறத்தில் ஒட்ட வெட்டினாற்போல் முடி. அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்தால் போதும், சிங்காரமெல்லாம் வேண்டாம். சித்திரை வெயிலில் மெட்ராஸே நிழல் தேடி அலையும்போது அது ஓட்டின்மேல் சுகமாகத் தூங்கும். மடியில் உட்காராது. ஆனால் பிடித்தவர்கள் பின்னாலேயே நாய் மாதிரி போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதில் தன் ராஜ்யம் என்று அதற்கு நினைப்பு. இன்னொரு பூனையோ காக்கையோ அங்கே கால் வைக்க முடியாது.

வினை அங்கேதான் வந்தது.

ஐப்பசியில் சுந்தரவல்லியின் ஒரே மகன் இசக்கிமுத்து மஞ்சள் காமாலையில் போய்விட்டான். காலேஜில் சேர்ந்த வருஷம். அன்றிலிருந்து அவள் தினமும் அந்த மதிலில் காக்கைக்குச் சோறு வைத்தாள். ரம்லி காவல் இருக்கிற மதிலுக்கு எந்தக் காக்கை வரும்? “எம் புள்ளைக்கு எம்மேல கோவம். அதான் வர மாட்டேங்கான்” என்று அவளும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். புருஷன் சண்முகவேல், ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கெஞ்சியும் ஒரு வாய் இறங்கவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று எல்லோரும் பயந்தார்கள்.

ஒரு நாள் ரம்லி, பருப்பும் நெய்யும் பிசைந்து வைத்த அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றது. மீனும் கறியும் தின்கிற பூனை சைவப் பிள்ளைமார் வீட்டுப் பருப்புச் சோற்றை இப்படித் தின்றால், பெற்ற வயிற்றுக்கு வேறென்ன தோன்றும்? “வந்துட்டான்!” என்று கதறினாள். அழுது முடித்துத் தானும் ஒரு கவளம் சாப்பிட்டாள். அதன்பிறகு தினமும் அது தின்றால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இன்றைக்குச் சுந்தரவல்லி கத்திவிட்டுப் போனதும், லீவில் வந்திருந்த மெஹபூப் பாஷா உள்ளேயிருந்து வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

“அந்தம்மா கேட்டதுல இன்னா தப்பு? நானும் வந்ததுலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். பகல்ல அதுக்கு ஒரு துண்டு கறி வைக்க மாட்டேங்கறே. கிட்ட வந்து கத்தினாலும் வெரட்டி வுடறே.”

“இது பாலைவனத்துப் பூனை, போதும்னு சொல்லத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, சொன்னேன். அங்கெல்லாம் இன்னிக்குக் கெடச்சா உண்டு, நாளைக்கு அல்லா வுட்ட வழி. அதனால வச்சதெல்லாம் தின்னும், அளவு நாமதான் பாத்து வைக்கணும்னேன். அளவுன்னா பட்டினியா?”

“மார்கழியில வயிறு ஊதி அது சாகக் கெடந்துச்சு, தெரியுமா உங்களுக்கு? நான் வச்சதையும் தின்னுது, அந்தக்கா வச்சதையும் தின்னுது. எத்தினி நாளைக்குத் தாங்கும்? சைக்கிள் ரிக்‌ஷாவுல போட்டுக்கினு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். ரெண்டு வீட்டுச் சோறு இனிமே ஆகாதும்மா, ஏதாவது ஒரு வீடு நிறுத்தினாத்தான் இது பொழைக்கும்னுட்டாரு டாக்டரு.”

பாஷாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“அத்த அந்தம்மாகிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு? தெருவே பாக்க ஏச்சு வாங்கிக்கினு நிக்கறே! பூனை நம்ப பூனை. அவங்கள நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?”

ரம்லி அதற்குள் மதிலேறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சுந்தரவல்லியின் குரல் கேட்டது. “தின்னுய்யா… மெதுவாத் தின்னு. யாரும் பிடுங்கிக்கிட மாட்டாங்க.”

ஜமீலுன்னிசா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“செத்துப்போன புள்ளைக்கு வைக்கிற சோத்தை நிறுத்துன்னு பெத்தவகிட்ட எப்படிங்க சொல்லுவேன்?”