முப்பது விநாடி அசையாமல்

"அசையாதை, பிள்ளை! முப்பது செக்கன்!" என்று அதட்டிவிட்டு, கஜேந்தினியின் அப்பா வரதராசா கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

கஜேந்தினி கல்லானாள். பக்கத்தில் அபிலாஷும் கல்லானான்.

நோர்வேயின் ஹூக் கடற்கரையில், வழுவழுத்த பாறை மேல் நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் கடல். கடலுக்கு நடுவே சின்ன வெள்ளைக் கலங்கரை விளக்கம்.

அப்பாவின் படங்கள் எல்லாமே இப்படித்தான். கமராவின் கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பூட்டி, அரை நிமிடம் திறந்து வைப்பார். அதற்குள் அலையெல்லாம் கரைந்து, கடல் பாலாடை போலப் படிந்துவிடும். நடந்து போகிறவர்கள், ஓடுகிற நாய், நெசொட்டனுக்குப் போகிற பயணிகள் படகு எல்லாம் படத்திலிருந்து காணாமல் போகும். அசையாதது மட்டும் மிஞ்சும்.

ஒவ்வொரு கோடைக்கும் கமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நோர்வேயின் கரையோரம் முழுக்க அலைந்திருக்கிறார். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றிலாவது ஆள் அடையாளம் கிடையாது.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக, இரண்டு பேரையும் போய் நிற்கச் சொன்னார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கஜேந்தினி நின்றாள். பதினொரு மாதமாக, அபிலாஷ் என்று பேச்செடுத்தாலே சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துபோன மனிதர். அவன் மலையாளி என்பது அவருக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. எதற்கெடுத்தாலும் பகிடி விடுகிறவனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா என்பதுதான் அவர் வழக்கு. ஒருக்கால் ஆளைப் பார்க்கிறேன், பிறகு முடிவு சொல்கிறேன் என்று போன கிழமைதான் இறங்கி வந்தார்.

வழக்கில் உண்மை இல்லாமலும் இல்லை. அபிலாஷ் கொல்லத்துக்காரன். வீட்டில் தீப்பிடித்தாலும், தண்ணீரைத் தேடுமுன் அதற்குத் தோதான நகைச்சுவை வசனத்தைத் தேடுகிற ஊர். அவன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், வாயே திறக்காத நோர்வீஜியக் கிழவர்கள்கூட அவன் எப்போது வருவான் என்று கேட்பார்களாம். போதாக்குறைக்கு மிமிக்ரி வேறு. யாராவது நாலு வார்த்தை பேசினால் போதும், அந்தக் குரல் இவன் தொண்டைக்குள் குடிவந்துவிடும்.

இந்த ஒரு நாளைக்கு மட்டும் வாயைக் கட்டு என்று நேற்றே கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். அவனும் சரி என்று தலையாட்டியிருந்தான்.

விநாடிகள் போயின. வெயில் தண்ணீரில் உருகிக் கிடந்தது. எங்கோ பிள்ளைகள் குளிக்கிற சத்தம் கனவில் கேட்பது போல வந்து போனது. நிற்க நிற்க, தானும் மெல்ல மெல்ல ஒரு படமாகிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அது சுகமாகவும் இருந்தது.

காற்று எழும்பியது. முக்காலி ஆடிவிடக் கூடாதென்று, வழக்கம்போல அப்பா அதன் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் கடற்காகம் வந்தது.

வந்து, அபிலாஷின் காலடியில் இருந்த சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டது. அப்பா விடிய எழும்பித் தன் கையால் பொரித்த ரோல்ஸ். ஒன்றை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு குதறத் தொடங்கியது.

அபிலாஷ் அசையவில்லை. இமைகூட வெட்டவில்லை.

ஆனால் உதடு பிரியாமல், அடித்தொண்டையிலிருந்து, அச்சு அசலாக அப்பாவின் குரலிலேயே ஓர் அதட்டல் வந்தது. கடற்காகத்துக்கு.

"அசையாதை, பிள்ளை! இன்னும் பத்து செக்கன் கிடக்கு!"

கஜேந்தினிக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. பதினொரு மாதப் பாடு ஒரு நொடியில் பாழ். அழுகை வந்தது. அழுதாலும் அசைவாகிவிடுமே என்று அதையும் விழுங்கினாள்.



கமரா 'டிக்' என்று மூடியபிறகும் கொஞ்ச நேரம் அப்பா கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வந்தபோது முகம் இறுகிப்போயிருந்தது. படம் ஆடிப்போச்சு என்று மட்டும் சொன்னார். ஆட்டியது யார் என்று சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

திரும்பி வரும் பஸ்ஸில் அபிலாஷ் கடைசி இருக்கையில் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்துகொண்டான். அவன் சிரிக்காத முகத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, மனம் கேட்காமல் கமராவை எடுத்துப் பார்த்தாள். ஆடிப்போன படத்தை அப்பா ஒரு நிமிடம்கூட வைத்திருப்பதில்லை. எடுத்த இடத்திலேயே அழித்துவிடுவார்.

இந்தப் படம் இருந்தது.

பாலாடைக் கடல். அதன் முன்னே அபிலாஷ், ஓரமெல்லாம் இரட்டை இரட்டையாக. பாவி, அசைந்துதான் விட்டானா?

பெரிதாக்கினாள். பக்கத்தில் அவளும் இரட்டையாக நின்றாள். அவள் அசையவே இல்லையே.

விரலால் கீழே தள்ளினாள். பாறையும் இரட்டை.

மேலே தள்ளினாள். நூறு வருசத்துக்கு மேலாகக் கடலுக்குள் ஆடாமல் நிற்கிற கலங்கரை விளக்கம், அதுவும் குலுங்கியிருந்தது.

கஜேந்தினி மெல்ல நிமிர்ந்தாள். முக்காலியை அழுத்திப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளும் அப்பாவின் மடியில் கிடந்தன. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். தோள் மட்டும் அடக்கிய சிரிப்பில் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அழிச்சுப் போடாதை, பிள்ளை," என்றார், திரும்பாமலே. "கலியாண மண்டப வாசலிலை வைக்கப் படம் ஒண்டு வேணுமெல்லே."