வாசனை ரப்பர்

கம்ப்யூட்டரின் ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கும் எரிந்தது. திரை மட்டும் இருட்டு. பழுதுபார்க்க வந்த ஜெயசிங், மூடியைக் கழற்றி உள்ளிருந்து ரேம் என்ற சிறு அட்டையை உருவி எடுத்தான். "ரப்பர் இருக்காம்மா? தேய்ச்சா வந்துரும்." மரகதமும் தாமோதரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை இல்லாத வீட்டில் ரப்பருக்கு எங்கே போவது? பிறகு மரகதம் எழுந்துபோய், ஆறாம் வகுப்போடு போய்விட்ட மகள் சுகிர்தாவின் ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்தாள். துருவேறிய மூடியைத் தாமோதரன்தான் நெம்பித் திறந்தார். உள்ளே ஆரஞ்சு நிற ரப்பர், ஓரத்தில் பல் பதிந்த தடம். "கடிக்காதடின்னா கேக்க மாட்டா" என்றார். ஜெயசிங் ரேமின் பொன்னிற விளிம்பை அழுத்தித் தேய்த்தான். அறை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் வாசனை எழுந்தது. ரேமைப் பொருத்திப் பொத்தானை அழுத்தியதும் திரை வெளிச்சமானது. "வந்திருச்சு, பாருங்க." இருவரும் பார்க்கவில்லை. மேசையில் சுருள்சுருளாகக் கிடந்த ரப்பர் துகளைத் தட்டிவிடப் போனவனின் கையை மரகதம் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை தேய்ங்க தம்பி."

"அதான் சரியாயிடுச்சேம்மா."

தாமோதரன் எட்டிக் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார்.