அந்திக்கிறிஸ்து விளையாட்டு

"தண்ணி சரியில்லைங்க. கையெழுத்துப் போட முடியாது" என்றாள் அக்கா.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சோதனைக் குழாய்களைப் பார்த்தார். ஊதாவாக இருக்க வேண்டியவை எல்லாம் மஞ்சளாகக் கலங்கி நின்றன. கிணற்றில் சாக்கடை கலந்திருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

பக்கத்து மேசையில் தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சோதனைக் கூடத்துக்கு அக்காதான் தலைவி. தங்கை அவளுக்குக் கீழே எழுத்தர். வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா சட்டம் போட்டுவிட்டாள்: "கதவுக்கு அந்தப் பக்கம் யாருக்கு யாரு என்னவா வேணா இருக்கட்டும். இந்தப் பக்கம் நான் மேடம்."

"ரெண்டே நாள் மேடம்" என்றார் பெரியவர். "கிணத்த எறச்சு மருந்து போட்டுடறேன். இன்னிக்குச் சான்றிதழ் காட்டலைன்னா விடுதிய மூடிடுவாங்க. யாருமில்லாத பிள்ளைங்க. எங்க போகும் அதுங்க?"

அதில் பொய்யில்லை. அந்த விடுதிக்காக அவர் செருப்பாகத் தேய்ந்தது ஊருக்கே தெரியும். சட்டை மட்டும் எப்போதும்போல வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருந்தது.

தங்கைக்குப் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

ஆராதனை முடிந்து, சாப்பாடும் ஆனதும், அப்பா பின்வாசல் வழியாக நழுவிப் போய் முன்கதவைத் தட்டுவார்.

"அந்திக்கிறிஸ்து வந்தாச்சு, கதவத் திறங்கடி! செருப்ப வெளியவே விட்டுட்டு வரச் சொல்லுங்க" என்பாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அப்பா சிரித்த முகமாக உள்ளே வருவார். ஒரு கையில் கிரீம் பிஸ்கட். மறுகையில் மைப்பெட்டி. கடைசி நாட்களில் நெற்றியிலோ வலது கையிலோ, கிறிஸ்துவுக்கு எதிரியாக வரும் அவனுடைய முத்திரை இல்லாதவர்கள் எதையும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்று வேதம் சொல்கிறதல்லவா, அதற்கான ஒத்திகை.

"சாப்பிட்டீங்களா கண்ணுங்களா? ஒரே ஒரு புள்ளி. அவ்வளவுதான்."

தங்கை முதல் தடவையிலேயே நெற்றியை நீட்டிவிடுவாள். நரகம் பிறகு வரும், பிஸ்கட் இப்போதே வந்துவிட்டதே. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரோடு நிற்பாள். அக்காவுக்குப் பிஸ்கட் பிடிக்காது என்றே தங்கை வெகுகாலம் நம்பியிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா அக்காவின் நெற்றியில் கட்டைவிரலை இழுத்து, விரலைத் தூக்கிக் காட்டுவார். சுத்தம். பிறகு கைக்குட்டையை நனைத்துத் தங்கையின் நெற்றியைத் துடைத்துவிடுவார். முழுதாகப் போகாது. திங்கட்கிழமை வகுப்பில் அவள் நீல நிழலோடு உட்கார்ந்திருப்பாள்.

"கொம்போட வருவான்னு பாத்துட்டு நிக்காதீங்க" என்பார் அப்பா. "நமக்கு ரொம்பப் பிடிச்ச முகத்தோடதான் வருவான்."

பெரியவர் இரண்டாம் தடவை கேட்டார். பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார்.

அக்கா பேனாவை மூடினாள்.

"ரெண்டு நாளைக்கு லாரித் தண்ணி நான் அனுப்பறேன். மூட வர்றவங்க முன்னாடி நானே வந்து நின்னு கெஞ்சறேன். நல்ல தண்ணின்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க. அதக் குடிக்கப்போறதும் அதே பிள்ளைங்கதான்."

பெரியவர் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார். பிறகு முன்னால் சாய்ந்தார். மேடம், மரியாதை எல்லாம் குரலிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

தங்கைக்கு உள்ளே எல்லாம் கரைந்துபோயிற்று. அவளாக இருந்தால் அந்த நொடியே கையெழுத்துப் போட்டிருப்பாள். நான்கு கையெழுத்து கேட்டிருந்தாலும் போட்டிருப்பாள்.

அக்காவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அப்போதுதான் தங்கைக்குப் புரிந்தது. பிடிக்காமல் இல்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அக்காவுக்கும் பிஸ்கட் பிடித்துத்தான் இருந்திருக்கிறது.

"இன்னும் சாப்பிடல" என்றாள் அக்கா. "கையெழுத்தும் போடல."

பெரியவர் எழுந்தார். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, அக்காவின் நெற்றியில் கட்டைவிரலை மெல்ல இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இது ஒத்திகை இல்லை.

பிறகு வெளியே நடந்தார். நாற்காலியில் மாட்டிய குடை அங்கேயே கிடந்தது.

தங்கை அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகுதான் கூப்பிட்டாள்.

"அப்பா! குடை!"

அவர் திரும்பினார். குடையை வாங்க வந்த கை பாதியில் நின்றது. அவள் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

நீலம். எந்தத் தடவை கேட்டபோது மேசை இழுப்பறையைத் திறந்தாள், எப்போது சான்றிதழில் குத்தும் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக் கைக்குள் தயாராக வைத்துக்கொண்டாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அப்பா கைக்குட்டையை எடுத்து, தாழ்வாரத்துக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தார். அவள் கையைப் பிடித்துத் துடைக்கத் தொடங்கினார். உள்ளே அக்கா தொலைபேசியில் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு இல்லைங்க, இன்னிக்கு! பிள்ளைங்களுக்கு!"

"போகாதுப்பா" என்றாள் தங்கை.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். நிறுத்தியபோது அவர் விரல்களும் நீலமாகியிருந்தன.