காலி நாற்காலி

யாருக்கும் தீங்கு செய்யாத கம்பெனிகளில் மட்டும் பணம் போடச் சொல்லும் ஆலோசனை நிறுவனம் அது. ஆண்டுத் திட்டக் கூட்டத்தில், தங்கள் முடிவால் பாதிக்கப்படக்கூடியவருக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டுவைப்பார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் தலைவி திலகவதிதான். மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

இந்த ஆண்டு அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பாட்டில், அதற்குள் செம்பருத்தி நிறத்தில் தண்ணீர்.

"எங்க கெணத்துத் தண்ணிங்க. நீங்க நல்லதுன்னு பட்டியல்ல போட்ட சாயக் கம்பெனிக்குப் பக்கத்துத் தோட்டம்," என்றார். "நான் எப்பங்க பேசோணும்?"

திலகவதி நிகழ்ச்சி நிரலைப் புரட்டினாள். ஐந்தாண்டு இலக்கு இருந்தது. தேநீர் இடைவேளைகூட இருந்தது.

"கொஞ்சம் இருங்கய்யா."

அவர் இருந்தார். ஒவ்வொரு தலைப்பு முடியும்போதும் பாட்டிலை லேசாக உயர்த்தினார். அவள் பேச வாயெடுப்பாள், சுற்றியிருந்த ஒன்பது பேரும் காகிதத்துக்குள் குனிந்துகொள்வார்கள், அவள் கை தானாக அடுத்த பக்கத்தைத் திருப்பும்.

கடைசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வாசுகி மெல்லக் கேட்டாள்.

"மேடம், நாற்காலி காலியா இருந்ததுன்னு வருஷா வருஷம் எழுதுவோமே, அப்படியே எழுதிடட்டுமா?"

அவர் திலகவதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.